ரேஸ் காரைத் தரையோடு ஒட்டவைத்த காலின் சாப்மேன்: ஃபார்முலா ஒன் புது விதிகளுக்குப் பின்னால் ஒரு கதை

பொன்னமராவதியிலிருந்து புதுக்கோட்டைக்கு பைக்கில் போகிறவர்களுக்கு இது பழகிய விஷயம். பெரிய பஸ் ஒன்று உரசுகிற மாதிரி முந்திப் போகும்போது, பைக் சட்டென்று பஸ் பக்கமாக இழுக்கும். வேலை பார்ப்பது காற்றுதான். பஸ்ஸுக்கும் பைக்குக்கும் நடுவில் இருக்கும் குறுகிய இடுக்கில் காற்று வேகமாகப் பாய்கிறது. வேகம் கூடினால் அங்கே அழுத்தம் குறையும். மறுபக்கம் அழுத்தம் குறையாமல் இருப்பதால், அந்தக் காற்று பைக்கை உள்பக்கமாகத் தள்ளுகிறது.

இதே இடுக்கை ஒரு காருக்கு அடியில் உண்டாக்கினால் என்ன ஆகும்? கார் தரையை நோக்கி இழுபடும். டயர் ரோட்டை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். வளைவில் வேகத்தைக் குறைக்காமலே திரும்பலாம். ரேஸ் உலகில் இந்தக் கீழ்நோக்கிய விசைக்கு ‘டவுன்ஃபோர்ஸ்’ என்று பெயர். காருக்கும் தரைக்கும் நடுவிலான இடுக்கில் இருந்து அதை எடுப்பதுதான் ‘கிரவுண்ட் எஃபெக்ட்’.

2026-ல் அமலுக்கு வந்த ஃபார்முலா ஒன் விதிகள், காரின் அடிப்பாகத்தைப் பெருமளவு மறுபடியும் தட்டையாக்கிவிட்டன. கூடவே, ஓடும்போதே கோணம் மாறும் இறக்கைகளை அனுமதித்திருக்கின்றன. இந்த இரண்டு விஷயங்களையும் தோண்டிப் பார்த்தால் ஒரே ஆளின் கைரேகை தெரியும். அவர், லோட்டஸ் நிறுவனத்தை உருவாக்கிய பிரிட்டிஷ் இன்ஜினீயர் காலின் சாப்மேன். அவர் இறந்து 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது.

25 பவுண்டு கடனில் தொடங்கிய கம்பெனி

சாப்மேன் 1928 மே 19 அன்று இங்கிலாந்தின் ரிச்மண்டில் பிறந்தார். வளர்ந்தது வடக்கு லண்டனில். அங்கே அவருடைய அப்பா ஒரு மதுவிடுதி நடத்திவந்தார். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் சாப்மேன் கட்டுமானப் பொறியியல் படித்தார். படிக்கும்போதே பல்கலைக்கழக விமானப் பிரிவில் சேர்ந்து விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். பாலமும் கட்டடமும் எப்படி எடை தாங்குகின்றன, காற்றில் இறக்கை எப்படி வேலை செய்கிறது என்ற இரண்டு பாடங்களும்தான் கடைசிவரை அவருக்கு முதலீடு.

1948-ல் ஒரு பழைய ஆஸ்டின் செவன் காரைப் பிரித்து, தன் முதல் போட்டிக் காரைச் செய்தார். ஒர்க்‌ஷாப் என்று பெரிதாக எதுவும் இல்லை. காதலி ஹேசல் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்தான். 1952-ல் லோட்டஸ் இன்ஜினீயரிங் தொடங்கியபோது ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுண்டுதான் கைமுதல். பின்னாளில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

சாப்மேனின் தாரக மந்திரம் எடைக் குறைப்பு. ஒரு பாகம் ஒன்றுக்கு இரண்டு வேலை செய்ய வேண்டும், தேவைக்கு மேல் ஒரு கிராம்கூட கனக்கக் கூடாது. 1962-ல் வந்த லோட்டஸ் 25 காரில், குழாய்களைப் பற்றவைத்துச் செய்த சட்டகத்தைத் தூக்கிப் போட்டார். விமானத்தைப் போல வெளிக்கூடே எடை தாங்கும் ‘மோனோகாக்’ அமைப்பைக் கொண்டுவந்தார். 1967-ன் லோட்டஸ் 49-ல் இன்ஜினையே சட்டகத்தின் ஒரு பகுதியாக்கினார். இன்றைய ஃபார்முலா ஒன் கார்களும் அடிப்படையில் இந்த வழியில்தான் கட்டப்படுகின்றன. ஜிம் கிளார்க் 1963, 1965 ஆண்டுகளில் லோட்டஸில்தான் உலக சாம்பியன் ஆனார்.

ஆனால், எடையைக் குறைத்தால் பாதுகாப்புக்கான இடைவெளியும் குறையும். 1960-ல் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் பயிற்சியின்போது, ஸ்டிர்லிங் மாஸ் ஓட்டிய லோட்டஸின் பின்சக்கரம் கழன்றது. அவருடைய இரண்டு கால்களும் முறிந்தன. லோட்டஸ் வேகமான கார், ஆனால் உடையும் கார் என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிட்டது. சாப்மேன் வாழ்க்கை முழுக்க அது துரத்தியது.

தலைகீழ் இறக்கை

விமான இறக்கை காற்றைப் பயன்படுத்தி மேலே தூக்கும். அதையே தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினால் கீழே அழுத்தும். 1968-ல் ஃபார்முலா ஒன் கார்களில் இப்படி இறக்கைகள் முளைக்க ஆரம்பித்தன. இது சாப்மேன் கண்டுபிடித்தது இல்லை. ஆனால், அதை எவ்வளவு தூரம் கொண்டுபோகலாம் என்று பார்த்தவர்களில் அவர் முக்கியமானவர். உயரமான மெல்லிய தண்டுகளில் இறக்கையை நிறுத்தி, அதை நேராகச் சக்கரத்தின் சஸ்பென்ஷனோடு இணைத்தார். அழுத்தம் முழுக்க டயருக்கே போகும் இல்லையா!

அந்த ஆண்டு மெக்சிகோ போட்டியில் இன்னொரு படி மேலே போனார். நேர்ப்பாதையில் இறக்கையைத் தட்டையாக்க, டிரைவர் காலால் இயக்கும் கூடுதல் பெடல் ஒன்றை வைத்தார். கிரகாம் ஹில் அந்தப் போட்டியை வென்று சாம்பியன் பட்டத்தையும் தட்டிச் சென்றார்.

அடுத்த ஆண்டே விலை கொடுக்க வேண்டி வந்தது. 1969 மே 4, பார்சிலோனாவின் மான்ட்ஜுயிக் தடம். முதலில் கிரகாம் ஹில் காரின் பின் இறக்கை ஒடிந்து விபத்து. சில சுற்றுகள் கழித்து அதே இடத்தில் சக லோட்டஸ் வீரர் யோகன் ரிண்ட்டின் இறக்கையும் ஒடிந்தது. அவரது கார் ஹில்லின் உடைந்த காரில் போய் மோதியது. இருவரும் உயிர் தப்பினார்கள். முகத்தில் காயம்பட்ட ரிண்ட், இந்த இறக்கைகளை எதிர்த்து வெளிப்படையாகவே கடிதம் எழுதினார். அடுத்து நடந்த மொனாக்கோ போட்டியில், பயிற்சி தொடங்கிய பிறகு உயர இறக்கைகள் தடை செய்யப்பட்டன. பின்னர் உயரமும் அகலமும் வரையறுக்கப்பட்டு, காரின் உடலோடு அசையாமல் பொருத்தப்பட்ட இறக்கைகள் மட்டும் அனுமதிக்கப்பட்டன.

1970-ல் ஆப்பு வடிவ லோட்டஸ் 72 வந்தது. ரேடியேட்டரை மூக்கிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்திய கார் அது. ரிண்ட் தொடர்ந்து வென்றார். செப்டம்பர் 5-ல் இத்தாலியின் மோன்ஸாவில், நேர்ப்பாதை வேகத்துக்காக இறக்கைகளைக் கழற்றிவிட்டு பயிற்சியில் ஓடினார்கள். பிரேக் போடும் இடத்தில் ரிண்ட்டின் கார் தடுப்பில் மோதியது. அவர் இறந்துவிட்டார். அதுவரை அவர் சேர்த்த புள்ளிகளை வேறு யாராலும் தாண்ட முடியவில்லை. இறந்த பிறகு உலக சாம்பியன் ஆன ஒரே ஃபார்முலா ஒன் வீரர் அவர்தான்.

காரே இறக்கை ஆனபோது

1970-களின் நடுவில் லோட்டஸ் தோற்கத் தொடங்கியது. 1975-ல் சாப்மேன் உட்கார்ந்து ஒரு நீண்ட குறிப்பு எழுதி, தன் இன்ஜினீயர் டோனி ரட்டிடம் கொடுத்தார். காருக்கு அடியில் ஓடும் காற்றை ஏன் வீணாக்குகிறோம் என்பதுதான் அதன் சாரம்.

ரட்டின் குழுவில் இருந்த பீட்டர் ரைட், லண்டன் இம்பீரியல் காலேஜின் காற்றுச் சுரங்கத்தில் சிறிய மாதிரிக் காரை வைத்துச் சோதித்தார். காற்றின் வேகத்தைக் கூட்டியதும் மாதிரியின் பக்கவாட்டுப் பெட்டிகள் தொய்ந்து கீழே இறங்கின. தரைக்கும் பெட்டிக்கும் இடைவெளி குறையக் குறைய டவுன்ஃபோர்ஸ் எகிறியது. ஓரங்களை அட்டையால் மூடிப் பார்த்தபோது இன்னும் கூடியது. ரகசியம் பிடிபட்டுவிட்டது.

1977-ல் லோட்டஸ் 78, 1978-ல் லோட்டஸ் 79. பக்கவாட்டுப் பெட்டிகளின் அடிப்பாகம் தலைகீழ் இறக்கை வடிவில் இருந்தது. வெளிக்காற்று உள்ளே புகாமல் இருக்க, இரண்டு ஓரங்களிலும் தரையைத் தொட்டபடி மேலும் கீழும் நகரும் ‘ஸ்கர்ட்’ பட்டைகள். ஏசி ரூம் கதவுக்கு அடியில் ஒட்டுகிறோமே ரப்பர் பட்டை, அந்த மாதிரி. 1978-ல் லோட்டஸ் 8 போட்டிகளை வென்றது. மரியோ ஆண்ட்ரெட்டி உலக சாம்பியன் ஆனார்.

பட்டம் உறுதியானது அதே மோன்ஸாவில்தான். ஆனால், போட்டி தொடங்கியதும் நடந்த பெரிய விபத்தில் லோட்டஸின் இன்னொரு வீரர் ரோனி பீட்டர்சனின் கால்கள் நொறுங்கின. மறுநாள் காலை அவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். அன்று அவர் ஓட்டியது முந்தைய ஆண்டின் லோட்டஸ் 78. புது 79 அன்று காலை பயிற்சியில் சேதமாகியிருந்தது.

விதிப்புத்தகம் குறுக்கே வந்தது

ஸ்கர்ட்டில் ஒரு ஆபத்து ஒளிந்திருந்தது. பட்டை ஒரு நொடி சிக்கிக்கொண்டாலோ, கார் ஓரக்கல்லில் ஏறிக் குதித்தாலோ, இடுக்கு திறந்துகொள்ளும். டவுன்ஃபோர்ஸ் அப்படியே காணாமல் போகும். வளைவின் நடுவில், முழு வேகத்தில் இப்படி நடந்தால் டிரைவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. இன்னொரு சிக்கல், கார் தவளை மாதிரி மேலும் கீழும் குதிப்பது. 1979-ல் லோட்டஸ் 80 இந்தக் குதிப்பால்தான் தோற்றுப்போனது.

நகரும் ஸ்கர்ட்டுகள் 1981-ல் தடை செய்யப்பட்டன. சாப்மேன் விடவில்லை. ஒரே காருக்குள் இரண்டு சட்டகங்கள் கொண்ட லோட்டஸ் 88-ஐக் கொண்டுவந்தார். வெளிச்சட்டகம் காற்றழுத்தத்தைத் தாங்கும், உள்சட்டகம் டிரைவரைக் குலுக்கலிலிருந்து காக்கும். எதிரணிகள் ஆட்சேபித்தன, அந்தக் கார் ஒரு போட்டியில்கூட ஓட அனுமதிக்கப்படவில்லை. அடுத்து, 1983 முதல் எல்லா கார்களுக்கும் தட்டையான அடிப்பாகம் கட்டாயம் என்று முடிவானது. அந்த சீசனை சாப்மேன் பார்க்கவில்லை. 1982 டிசம்பர் 16-ல் மாரடைப்பால் இறந்தார். வயது 54.

அவர் பெயரில் ஒரு கறையும் மிச்சம். டெலோரியன் கார் திட்டத்துக்கான பணத்தில் பல மில்லியன் பவுண்டு மாயமான வழக்கில், லோட்டஸின் நிதிப் பொறுப்பாளர் 1992-ல் சிறைக்குப் போனார். சாப்மேன் உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு இன்னும் நீண்ட தண்டனை கிடைத்திருக்கும் என்று நீதிபதி குறிப்பிட்டார்.

தமிழ்நாட்டில் இதன் சாயல்

இரண்டாம் உலகப் போர்க் கால விமான தளமான ஹெத்தலில்தான் லோட்டஸ் 1966-ல் குடியேறியது. சென்னை அருகே சோழவரத்திலும் அதே காலத்து விமான ஓடுதளத்தில்தான் பல ஆண்டுகள் ரேஸ் நடந்தது. சாப்மேன் ஆஸ்டின் செவனை வைத்துச் செய்ததைப் போல, கோவையின் கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ‘ஃபார்முலா மாருதி’ என்ற ஒற்றை இருக்கை கார்களை உருவாக்கினார். அந்தக் கார்களில் ஓடிப் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005-ல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன முதல் இந்தியர் ஆனார். 1995-ல் விமான விபத்தில் இறந்த கரிவரதனின் பெயரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. 2024-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி ஓடிய ஃபார்முலா 4 கார்களிலும் முன்னும் பின்னும் தலைகீழ் இறக்கைகள் இருந்தன.

2026-ல் என்ன மாறியது?

கிரவுண்ட் எஃபெக்ட்டை ஃபார்முலா ஒன் 2022-ல் தானே திரும்பக் கூப்பிட்டது. காரணம் நியாயமானது. மேல் இறக்கைகளை மட்டும் நம்பும் கார், பின்னால் கலங்கிய காற்றை விட்டுச் செல்லும். துரத்தி வரும் காருக்கு அதனால் பிடிமானம் குறையும். அடியிலிருந்து டவுன்ஃபோர்ஸ் எடுத்தால் நெருங்கி ஓடலாம். ஆனால், பழைய தவளைக் குதிப்பும் கூடவே வந்தது. வீரர்கள் முதுகு வலியால் அவதிப்பட்டார்கள். அந்த சீசன் நடுவிலேயே குதிப்பின் அளவுக்கு வரம்பு போட வேண்டியிருந்தது.

2026 விதிகளில் அடிப்பாகச் சுரங்கங்கள் போய், பெரும்பாலும் தட்டையான தரை வந்திருக்கிறது. கார்கள் முன்பைவிட 10 செ.மீ. குறுகியவை. எடை வரம்பு சுமார் 30 கிலோ குறைவு. முன், பின் இறக்கைகளின் தகடுகள் வளைவில் நிமிர்ந்து பிடிமானம் தரும். நேர்ப்பாதையில் சாய்ந்து காற்றுத் தடையைக் குறைக்கும். 1968-ல் மெக்சிகோவில் லோட்டஸ் பெடலால் செய்த அதே வேலைதான் இது. ஒரே வித்தியாசம், அன்று தண்டு எவ்வளவு பலமாக இருக்க வேண்டும் என்பதை அணியே முடிவு செய்தது. இன்று ஒவ்வொரு இறக்கையும் எவ்வளவு வளையலாம் என்பதைக்கூட எடை வைத்துச் சோதித்த பிறகுதான் தடத்தில் விடுகிறார்கள்.

ஃபார்முலா ஒன் விதிகள் புதுமையை முடக்குகின்றன என்று ரசிகர்கள் அடிக்கடி சலித்துக்கொள்வது உண்டு. சாப்மேனின் அணி 6 ஓட்டுநர் பட்டங்களையும் 7 அணிப் பட்டங்களையும் வென்றது. அந்தக் காலத்தில்தான் மாஸின் கால்கள் முறிந்தன, ரிண்ட்டும் பீட்டர்சனும் வீடு திரும்பவில்லை. அவருடைய யோசனைகளில் பல கடைசியில் விதிகளுக்குள்ளேயே வந்து சேர்ந்துவிட்டன. வந்து சேர்வதற்குள் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர்கள்தான்.