பசியை மறவாத நடிகை

நடிகை என்றதும் நம் மனக்கண்முன் வருபவை பகட்டான உடைகளும், பளிச்சிடும் விளக்குகளும், பத்திரிகைப் படங்களுமே. தாம் பட்டினி கிடந்த நாள்களையும், அப்போது தமக்கு உணவளித்த கைகளையும் இறுதிவரை மறவாத நடிகை ஒருவர் இருந்தார். அவரே ஆட்ரி ஹெப்பர்ன்.

1929ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் பெல்ஜிய நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஆட்ரி பிறந்தார். தாய் டச்சுப் பிரபு குலத்தவர். தந்தை ஆங்கிலக் குடிமகன். ஆட்ரிக்கு ஆறு வயதானபோது தந்தை குடும்பத்தைப் பிரிந்து சென்றுவிட்டார். அந்தப் பிரிவு சிறுமியின் நெஞ்சில் ஆறாத வடுவாயிற்று.

1939இல் போர் மூண்டபோது, ஹாலந்து பாதுகாப்பான நாடு என்று நம்பிய தாய், இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகளை அங்கே அழைத்துக்கொண்டார். மறு ஆண்டே ஜெர்மானியப் படைகள் ஹாலந்தைக் கைப்பற்றின. 1942இல் ஆட்ரியின் நெருங்கிய உறவினர் ஒருவரை அவர்கள் சுட்டுக் கொன்றனர். 1944இல் டச்சு ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்குப் பழிவாங்க, உணவு செல்லும் வழிகளை அடைத்தனர். கடுங்குளிரும் சேர்ந்துகொண்டது. துலிப் மலர்க் கிழங்குகளைக்கூட மக்கள் வேகவைத்துத் தின்றனர். சுமார் 20,000 பேர் மாண்டனர். பதினைந்து வயது ஆட்ரி இரத்தசோகையாலும் உடல் வீக்கத்தாலும் வாடினார். 1945இல் விடுதலை கிடைத்தது. நேச நாடுகளின் நிவாரண அமைப்பு அனுப்பிய உணவும் மருந்தும் வந்தன. அவர் உயிர் பிழைத்தார்.

பாலே நடனமணியாக வேண்டும் என்பதே அவருடைய கனவு. லண்டனில் மேரி ராம்பெர்ட் அம்மையாரிடம் பயின்றார். ஆனால் அவருடைய உயரமும், பட்டினியால் நலிந்த உடலும் அதற்குத் தடையாயின. ஆசை நிராசையானபோதும் அவர் சோர்ந்து விடவில்லை. மேடைகளில் குழு நடனம் ஆடினார். படங்களில் சிறு வேடங்கள் ஏற்றார். 1951இல் பிரெஞ்சு எழுத்தாளர் கொலெத் அவரைக் கண்டு, தம் கதையான 'ஜிஜி'யின் நாடகத்துக்கு நாயகியாகத் தேர்ந்தெடுத்தார். 1953இல் 'ரோமன் ஹாலிடே' வெளிவந்தது. புகழ்பெற்ற நடிகர் கிரிகரி பெக், புதுமுகமான அவருடைய பெயரையும் தம் பெயருக்கு இணையாகப் போடச் சொன்னார். அவர் கணிப்பு பொய்க்கவில்லை. அப்படத்துக்காக ஆட்ரி ஆஸ்கர் விருது பெற்றார்.

1959இல் வந்த 'தி நன்ஸ் ஸ்டோரி' படத்தில், காங்கோவில் நோயாளிகளுக்குப் பணிபுரியும் கன்னியாஸ்திரியாக நடித்தார். கீழ்ப்படிதலுக்கும் மனச்சாட்சிக்கும் இடையே போராடி, இறுதியில் மடத்தை விட்டு வெளியேறும் ஒரு துறவியின் கதை அது. அக்கதைக்கு மூலமாயிருந்த முன்னாள் துறவி மரி லூயிஸ் ஹாபெத்ஸை நேரில் சந்தித்துப் பழகினார். பின்னர் வேறொரு படப்பிடிப்பில் குதிரையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தபோது, செவிலியாக வந்து ஆட்ரியைக் கவனித்தவர் அதே ஹாபெத்ஸ்தான்!

திரையில் வெற்றி குவித்தவருக்கு இல்வாழ்வு அத்தனை எளிதாக அமையவில்லை. நடிகர் மெல் ஃபெரரை 1954இல் மணந்தார், 1968இல் பிரிந்தார். டாக்டர் ஆந்த்ரேயா தோத்தியுடன் 1969இல் நடந்த திருமணமும் 1982இல் முறிந்தது. ஷான், லூக்கா என்னும் இரு புதல்வர்களே அவருடைய செல்வம். அவர்களை வளர்ப்பதற்காகவே புகழின் உச்சியில் இருந்தபோது நடிப்பைப் பல ஆண்டுகள் ஒதுக்கி வைத்தார். தம்மைக் கைவிட்ட தந்தையைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக டப்ளின் நகரில் கண்டுபிடித்தார். அன்பைப் பொழியத் தெரியாத அந்தத் தந்தைக்குக் கடைசிவரை பொருளுதவி செய்துவந்தார்.

1988இல் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமான யுனிசெஃப் அவரை நல்லெண்ணத் தூதராக்கியது. அவ்வாண்டே பஞ்சம் வாட்டிய எத்தியோப்பியாவுக்குச் சென்றார். சூடான், வங்கதேசம், வியட்நாம் எனப் பல நாடுகளுக்கும் பயணம் செய்தார். எலும்பும் தோலுமான குழந்தைகளை மடியில் ஏந்தினார். தாம் கண்டதை அரசியல் தலைவர்களிடமும் செய்தியாளர்களிடமும் அயராது எடுத்துச் சொன்னார். தம் முகத்துக்கு இருந்த புகழை அந்த ஏழைக் குழந்தைகளுக்காகச் செலவிட்டார்.

1992 செப்டம்பரில் சோமாலியாவுக்குச் சென்றதே அவருடைய கடைசிப் பெரும் பயணம். திரும்பியபின் வயிற்றுவலியால் துடித்தார். புற்றுநோய் என்று தெரியவந்தது. 1993 ஜனவரி 20ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் தோலோஷெனா கிராமத்தில், தம் 63ஆம் வயதில் கண்மூடினார்.

தோழியரே! நாம் உண்ணும் உணவிலும் கற்கும் கல்வியிலும் யாரோ சிலருடைய உழைப்பும் ஈகையும் கலந்திருக்கின்றன. அவர்களுடைய பெயர்கூட நமக்குத் தெரியாது. ஆட்ரிக்கு உணவு அனுப்பியவர்களின் பெயரும் அவருக்குத் தெரியாது. ஆகவே அந்தக் கடனை அவர், தம்மைப்போல் பசித்திருந்த வேறு குழந்தைகளிடம் தீர்த்தார். நாமும் அவ்வாறே தீர்க்கலாம் அல்லவா?