சீனிவாச இராமானுஜனும் அவர் பெயர் கொண்ட முதன்மை எண்களும்



1 இலும் பெரியதாய், 1 ஐயும் தன்னையும் தவிர வேறு காரணிகள் அற்ற எண் முதன்மை எண் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஓர் எண் முதன்மை எண்ணா எனச் சோதிக்கும் செய்நிரலையும் உங்களிற் பலர் எழுதியிருப்பீர்கள். முதன்மை எண்களிற் சிறப்பான சில வகைகள் உண்டு. அவற்றுள் ஒன்று தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவரே சீனிவாச இராமானுஜன்.

இவர் 1887 டிசெம்பர் 22 ஆம் திகதி ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தையார் புடைவைக் கடையொன்றில் கணக்கெழுதுபவர். பாடசாலை நாட்களில், ஏறத்தாழ 15 வயதில், கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணித நூலொன்று இவரது கைக்கு எட்டியது. அதில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன. நிறுவல்கள் மிகச் சொற்பம். இராமானுஜனும் அவ்வாறே முடிவுகளை மட்டும் தமது குறிப்பேடுகளில் எழுதப் பழகிக்கொண்டார். இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதனாலேயே ஒரு சிக்கல் வரப்போகின்றது.

கணிதத்தில் மூழ்கிய இவர் ஏனைய பாடங்களைக் கைவிட்டார். கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் கிடைத்த புலமைப்பரிசில் பறிபோனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்து எழுதிய பரீட்சையிலும் சித்தியடையவில்லை. 1912 இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுதுவினைஞரானார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதிலே, தரப்பட்ட எண்ணொன்றுக்குக் குறைந்த முதன்மை எண்கள் எத்தனை என்பதைக் கணிக்கும் வழியைத் தாம் கண்டுவிட்டதாகவும் கூறியிருந்தார். கடிதத்தின் வேறு பல முடிவுகள் ஹார்டியை வியப்பில் ஆழ்த்தின. முதன்மை எண்கள் பற்றிய இக்கூற்றோ பிழைத்தது. சிறிய எண்களுக்கு விடை நன்றாகவே பொருந்தியது; ஆனால் அவர் எண்ணிய அளவுக்குத் திருத்தமாக அது எங்கும் பொருந்தவில்லை. நிறுவல் இல்லாத இடத்தில் இராமானுஜனுக்கும் சறுக்கியது.

1914 இல் இங்கிலாந்து சென்றார். ஹார்டியுடன் பணியாற்றிய ஆண்டுகளில் நிறுவும் முறையைப் பழகினார். 1918 இல் ரோயல் கழகத்தின் உறுப்பினரானார். நோயுடன் 1919 இல் தாயகம் திரும்பினார். அவ்வாண்டிலேயே இந்தியக் கணிதக் கழகச் சஞ்சிகையில் இரண்டே பக்கக் கட்டுரையொன்று வெளியாயிற்று. ஓர் எண்ணுக்கும் அதன் பாதிக்கும் இடையில் முதன்மை எண் உண்டு என்பதை ரஷ்ய அறிஞர் செபிசேவ் முன்னரே நிறுவியிருந்தார். இராமானுஜன் அதனை எளிதாக நிறுவியதோடு ஒருபடி மேலேயும் சென்றார். எண் 11 அல்லது அதற்கு மேற்படின் அவ்விடைவெளியில் எப்போதும் 2 முதன்மை எண்களாவது இருக்கும். 17 இலிருந்து 3. 29 இலிருந்து 4. 41 இலிருந்து 5. இவ்வாறு வரும் 2, 11, 17, 29, 41 முதலியனவே இராமானுஜன் முதன்மை எண்கள். இப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்கக் கணிதவியலாளர் சொண்டோ, ஆண்டு 2005.

இனிச் செய்நிரலுக்கு வருவோம். கலைப் பட்டதாரியான நான் இதனைக் கடதாசியிற் செய்து பார்த்தபோது முதலிற் பிழைத்தேன். 3 ஐ எடுத்தால் 2, 3 என இரண்டு முதன்மை எண்கள் உள்ளனவே, ஆகவே விடை 3 என்று எழுதிவிட்டேன். 4 இல் அது ஒன்றாகக் குறைகின்றது. 7 இல் மீண்டும் இரண்டு. 10 இல் மீண்டும் ஒன்று. நமது வாவியைப் பாருங்கள். மாரியில் நீர் ஏறும். முகத்துவாரம் வெட்டப்பட்டதும் இறங்கும். ஒருநாள் அளந்துவிட்டு இனிக் குறையாது என்று சொல்லலாமா? கடைசியாகக் குறைந்த நாளையல்லவா தேட வேண்டும்!

ஆகவே x ஐ 1 இலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எண்ணி பூச்சியத்தில் தொடங்கட்டும். x முதன்மை எண்ணாயின் எண்ணியை 1 ஆற் கூட்டுக. x இரட்டை எண்ணாகி அதன் பாதி முதன்மை எண்ணாயின் 1 ஆற் குறைக்குக. எண்ணி 2 இலும் குறையும் போதெல்லாம் x இன் அடுத்த எண்ணைப் பழைய விடையின் மேல் எழுதுக. இறுதியாக எஞ்சுவது 11.

ஆனால் எங்கே நிறுத்துவது? கணினி முடிவிலி வரை ஓடாது. இங்கேதான் நிறுவல் கைகொடுக்கின்றது. n ஆவது இராமானுஜன் முதன்மை எண், 3n ஆவது முதன்மை எண்ணிலும் சிறியது என இந்தியக் கணிதவியலாளர் லைஷ்ராம் 2010 இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். எனவே பத்தாவதைக் காண 30 ஆவது முதன்மை எண்ணாகிய 113 வரை சென்றாற் போதும்.

இராமானுஜன் 1920 ஏப்ரல் 26 ஆம் திகதி சென்னையிற் காலமானார். வயது 32. மேற்கூறிய ஐந்துடன் 47, 59, 67, 71, 97 என்பனவும் உங்கள் திரையில் வருகின்றனவா எனப் பாருங்கள். இடையில் 53 வந்தால், பாதியைக் கழிக்கும் வரியைத் திரும்பச் சரிபாருங்கள்.