இறைவன்பால் மீண்ட இதயம்: குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்)

நமது மாத்தூருக்குத் தெற்கே, இராயபுரத்தில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் வாழ்வை இவ்வாண்டு மலரில் நினைவுகூர்கிறோம்.

சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயருடைய அன்னார், 1792ஆம் ஆண்டு இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகேயுள்ள குணங்குடியில் பிறந்தார்கள். கீழக்கரையில் மார்க்கக் கல்வி பயின்றார்கள். மாமன் மகளை மணமுடிக்கப் பெரியோர் விரும்பியபோது அதனை மறுத்து, இளமையிலேயே துறவை மேற்கொண்டார்கள். திருச்சியில் ஞானகுருவிடம் தீட்சை பெற்றார்கள். திருப்பரங்குன்றத்துச் சிக்கந்தர் மலையில் 40 நாட்கள் தனித்திருந்து தவம் புரிந்தார்கள். பல ஊர்கள் சுற்றி, இறுதியில் வடசென்னை வந்தடைந்தார்கள். அந்நாளில் இராயபுரம் மூங்கிலும் முள்ளும் அடர்ந்த காடு. அங்கேயே தங்கி இறைதியானத்தில் மூழ்கினார்கள். தொண்டியார் வாழ்ந்த இடமே தண்டையார்பேட்டை ஆயிற்று எனக் கூறுவோரும் உளர்.

பராபரக்கண்ணி, எக்காலக்கண்ணி, ரகுமான் கண்ணி முதலிய அவர்களின் பாடல்களில் ஓங்கி ஒலிப்பது தவ்பாவின் குரலே. இறைவன் தம்மைக் கைவிட்டானோ என்று கலங்குகிறார்கள். ஆயினும் குற்றத்தை அவன்மீது சாட்டாது தம்மீதே சாட்டுகிறார்கள். பின்னர் அவன் அருளையே நாடி நிற்கிறார்கள்.

இம்மூன்று நிலைகளும் பழமையானவை. பனூ இஸ்ராயீல்களின் எபிரேய ஆகமங்களிலும் இவற்றைக் காண்கிறோம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் ஜெருசலத்தை அழித்தபோது, அம்மக்கள் தாம் கைவிடப்பட்டதாகப் புலம்பினர். அவர்களின் ஆகமங்களோ அதனைப் பாவத்தின் தண்டனை எனச் சுட்டி, திரும்பி வருமாறு அழைத்தன. தண்டனை அங்கே முடிவன்று, அழைப்பேயாகும். யூனுஸ் நபி (அலை) அவர்களின் வரலாற்றை அவ்வாகமங்களும் கூறுகின்றன. நமது திருக்குர்ஆனும் கூறுகிறது. மீன் வயிற்றின் இருளில் நபியவர்கள் தம் தவறை ஏற்று இறைஞ்சினார்கள், மீட்கப்பட்டார்கள். அவர்களின் சமூகத்தாரும் திருந்தினர். வரவிருந்த வேதனை விலகிற்று.

2015 டிசம்பர் பெருமழையிலும், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னை நீரில் தவித்தது. இத்தகைய வேளைகளில், இது இன்னாரின் பாவத்தால் வந்தது என அண்டை வீட்டாரைச் சுட்டும் பேச்சு நம்மிடையே எழுவதுண்டு. மறைவானவற்றை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. பிறர் வீட்டு வெள்ளத்துக்குத் தீர்ப்புக் கூறும் உரிமை நமக்கில்லை. மஸ்தான் சாகிபு அவர்கள் பிறர் பாவத்தை எண்ணிக் கொண்டிருக்கவில்லை. தம் நெஞ்சையே விசாரித்தார்கள். ஆதலால் சாதி சமய வேறுபாடின்றி மக்கள் அவர்களை நாடி வந்தனர். திருத்தணிகைச் சரவணப்பெருமாளையர் அவர்கள்மீது நான்மணிமாலை பாடினார்.

1838ஆம் ஆண்டு, ஐம்பது வயதை எட்டுமுன்பே அன்னார் இறையடி சேர்ந்தார்கள். துன்பம் வரும்போது அண்டை வீட்டாருக்குக் கை கொடுப்போம். நம் குறைக்கு நாமே தவ்பாச் செய்வோம். வல்ல அல்லாஹ் நம் அனைவரின் தவ்பாவையும் ஏற்றருள்வானாக! ஆமீன்.