பெயரில் வாழும் வள்ளல் பச்சையப்பர்

சென்னை உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, பெருந்தூண்கள் வரிசையாய் நிற்க, கிரேக்க நாட்டுக் கோயில் ஒன்று வழி தவறி வந்தாற்போல் ஒரு கட்டடம் உண்டு. பச்சையப்பன் மண்டபம் என்பது அதன் பெயர். அப்பெயருக்குரியவர் அம்மண்டபத்தைக் கண்டவர் அல்லர். கல்லூரி ஒன்று தம் பெயரால் எழும் என்று எண்ணியவரும் அல்லர். ஆயினும் தமிழகத்தில் கல்வி வள்ளல் என்றதும் நம் நினைவில் முன்வந்து நிற்போருள் அவரும் ஒருவர். அவர் நம் பழைய செங்கற்பட்டுச் சீமையின் பிள்ளை என்பதால் இம்மலரில் அவர் வரலாற்றை எழுத விழைந்தோம்.

காஞ்சிபுரத்தைச் சேர்ந்த விசுவநாத முதலியாரின் மகனாகப் பச்சையப்பர் 1754ஆம் ஆண்டு பிறந்தார். பிறக்குமுன்பே தந்தையை இழந்தார். தாயார் பூச்சியம்மாள் பெண்மக்களோடு பெரியபாளையம் சென்று, குடும்ப நண்பரான ரெட்டிராயர் என்பாரின் ஆதரவில் வாழ்ந்தார். அப்புரவலரும் மறையவே குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. அங்கே பவுனி நாராயண பிள்ளை என்பவர் சிறுவனை அரவணைத்து ஆங்கிலமும் கணக்கும் வாணிக நுட்பமும் பழக்கினார். தந்தையற்ற பிள்ளையைப் பிறர் இருவர் தாங்கிய இச்செய்தியை வாழ்க்கை வரலாறு எழுதுவோர் ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். நாம் அவ்வாறு கடக்க விரும்பவில்லை. அவ்விருவர் இல்லையேல் பின்னால் எழுந்த மண்டபமும் இல்லை, கல்லூரியும் இல்லை.

அந்நாள் அமைதியான நாள் அன்று. காஞ்சிபுரமும் செங்கற்பட்டும் மாமல்லபுரக் கடற்கரையும் அடங்கிய நாட்டை ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா 1763இல் கிழக்கிந்தியக் கும்பினியாருக்குச் சாகீராக அளித்திருந்தார். 1780இல் ஐதர் அலியின் படை இப்பகுதியில் புகுந்தது. காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் கும்பினிப் படை பெருந்தோல்வி கண்டது. ஊர்கள் பாழாயின. அத்தகைய காலத்தில் இரு மொழியறிந்து வெள்ளையருக்கும் நாட்டாருக்கும் இடையே நின்ற துபாஷிகள் பெரும்பொருள் ஈட்டினர். பச்சையப்பரும் துபாஷியே. தஞ்சை அரசர் கும்பினியாருக்குச் செலுத்த வேண்டிய தொகைக்குப் பிணை நின்றும் பணம் கொடுத்தும் அவர் செல்வம் வளர்ந்தது. வரிப்பணத்தின் வழியே வந்த அச்செல்வத்தின் அடியில் உழவரின் வியர்வை இருந்தது என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. ஆனால் அவ்வாறு பொருள் சேர்த்த துபாஷிகள் பலர் பெயரின்றிப் போக, இவர் பெயர் நின்றது. அதற்குக் காரணம் ஓர் உயில்.

தஞ்சை நாட்டில் இருந்தபோது நோய்வாய்ப்பட்ட அவர், 1794ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் உயில் எழுதினார். ஒன்பதே நாளில், 31ஆம் நாள், திருவையாற்றில் மறைந்தார். அகவை நாற்பது. உயிலில் அவர் கருதியவை காசி முதல் குமரி வரையிலான கோயில் வழிபாடும் அறச்செயல்களுமே.

அதன் பின் நிகழ்ந்ததே நாம் ஊன்றி நோக்க வேண்டியது. உறவினரும் உரிமை கோரியோரும் சொத்தைச் சூழ்ந்தனர், வழக்கின் மேல் வழக்கு எழுந்தது, அறம் நடைபெறவில்லை. வக்ஃபுச் சொத்துகளின் வரலாறு அறிந்த நம் பெரியோர்களுக்கு இது புதிய கதையாகத் தோன்றாது. கொடுத்தவர் மண்ணில் மறைந்தபின், கொடுத்ததைக் காப்பவர் யார் என்ற கேள்வி எல்லாச் சமயத்தார்க்கும் பொது. இங்கே அக்கேள்விக்கு விடையாக வந்தவர்கள் அரசு வழக்கறிஞர்களாக இருந்த காம்ப்டனும், அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் நார்ட்டனும் ஆவர். 1832இல் உச்சநீதிமன்றத் தீர்ப்புக் கிடைத்தது. சமயக் கொடைகளுக்கென ஒரு லட்சம் வராகன் ஒதுக்கப்பட்டது. வட்டியோடு பெருகி எஞ்சிய பணம், சுமார் நாலரை லட்சம் ரூபாய், கல்விக்குத் திரும்பியது. அவ்வாறு திருப்பியதில் நார்ட்டனின் பங்கு பெரிது. ஆகவே கல்வி வள்ளல் என்னும் பட்டத்தில் ஒரு பகுதி அவருக்கும் உரியது என்பது நம் கருத்து.

உயில் எழுதி 48 ஆண்டுகள் கழித்து, 1842 சனவரி முதல் நாள், சென்னைப் பிராட்வேயில் பள்ளி தொடங்கிற்று. ஏதென்சு நகரக் கோயிலை ஒத்த மண்டபம் 1846இல் கால்கொண்டு 1850இல் திறக்கப்பட்டது. பள்ளி 1889இல் முதல்நிலைக் கல்லூரியாயிற்று. 1940இல் சேத்துப்பட்டுக்கு இடம் மாறியது. கணித மேதை இராமானுசன் அக்கல்லூரியில் பயின்றார். காஞ்சிபுரத்தில் இதே அறக்கட்டளையின் பள்ளியில் படித்த அண்ணாதுரை, பின் சென்னைக் கல்லூரிக்கும் வந்து பட்டம் பெற்றார்.

ஒன்றை மனம் நோகாமல் சொல்லலாம். நூறாண்டுக்கு மேலாக அவ்வாயில் இந்து மாணவர்க்கு மட்டுமே திறந்திருந்தது. நம் வீட்டுப் பிள்ளைகள் அத்தூண்களை வெளியே நின்று கண்டவர்கள். அதற்காகப் பச்சையப்பரைக் குறைகூற இடமில்லை. பள்ளியையே அறியாதவர் மாணவரை வரையறுத்திருக்க முடியாது. பிறர் வாயிலை எண்ணி வருந்தியதோடு நில்லாமல், நம் முன்னோர் 1919இல் வாணியம்பாடியிலும், 1951இல் திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் தாமே கல்லூரிகள் கண்டனர். அவற்றில் எல்லாச் சமூகத்தாரும் பயில்கின்றனர்.

1947இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. அதே ஆண்டில், பச்சையப்பரின் தந்தை வாழ்ந்த காஞ்சிபுரத்திலும் அவர் பெயரால் ஒரு கல்லூரி தோன்றிற்று.