நிழலில் ஒரு கொசு, வெயிலில் ஒரு கொசு

நம்மில் பலருடைய பாட்டனும் பூட்டியும் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள். கங்காணி, பெரட்டு, பால்வாளி, லயம் என்று வீட்டில் பேசக் கேட்டிருப்போம். காய்ச்சலைப் பற்றி அவ்வளவாகக் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் 1911-இல் கூட்டு மலாய் மாநிலங்களின் தோட்டங்களில் வேலை செய்த இந்தியத் தொழிலாளர்களில் ஆயிரத்துக்கு 60 பேருக்கு மேல் அந்த ஒரே ஆண்டில் இறந்துபோனார்கள். கப்பலேறி வந்த இளவட்டங்கள்தான் பெரும்பாலும். இந்தச் சாவுகளில் மலேரியாவுக்குப் பெரிய பங்கு இருந்தது. அது எங்கிருந்து வருகிறது, ஏன் ஒரு தோட்டத்தை வாட்டுகிறது, பக்கத்துத் தோட்டத்தை விட்டுவிடுகிறது என்று ஆண்டுக்கணக்கில் தேடிப் பார்த்தவர் மால்கம் வாட்சன் என்ற டாக்டர்.

1873-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோவில் மருத்துவம் படித்தார். 1900-இல் மலாயா அரசு மருத்துவப் பணியில் சேர்ந்து, 1901-இல் கிள்ளானுக்கு மாவட்ட மருத்துவராக வந்தார். வயது 27. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில் கண்டுபிடித்து அப்போது நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. நம்பாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். சதுப்பிலிருந்து கிளம்பும் கெட்ட காற்றுதான் காரணம் என்பது பழைய நம்பிக்கை. நம்ம ஆட்களோ மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு, கொடுத்தால் கொய்னாவையும் குடித்தார்கள்.

கிள்ளான் அன்றைக்குச் சுமார் 3,500 பேர் வாழ்ந்த சின்ன ஊர். அதற்குச் சில மைல் தள்ளி, சதுப்பு நிலக் காட்டை ஒட்டி, போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற புதுத் துறைமுகம் 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. திறந்த சில வாரங்களிலேயே கூலிகள், அதிகாரிகள், கப்பலில் வந்தவர்கள் என்று எல்லாரும் காய்ச்சலில் விழுந்தார்கள். இவ்வளவு செலவு செய்த துறைமுகத்தை மூடிவிடலாமா என்ற பேச்சே வந்துவிட்டது. ஆளுக்கொரு கொய்னா கொடுப்பதோடு நிற்காமல், கொசு பிறக்கும் இடத்தையே இல்லாமல் செய்யணும் என்று வாட்சன் அரசாங்கத்திடம் போராடினார். ஊரைச் சுற்றி இருந்த காடும் புதரும் வெட்டப்பட்டன. சதுப்பில் கால்வாய் வெட்டித் தண்ணீர் வடிக்கப்பட்டது. கடல்நீர் ஏறும் இடத்தில் மண்கரை போட்டார்கள். கிள்ளானிலும் துறைமுகத்திலும் சேர்த்து 1901-இல் காய்ச்சலால் இறந்தவர்கள் 368 பேர். 1902-இல் 59 பேர். உலகத்தில் கொசுவை ஒழித்து மலேரியாவை அடக்கிய ஆரம்பகால வெற்றிகளில் இது ஒன்று. ரோஸே இதை எடுத்துக்காட்டாகச் சொல்லும் அளவுக்குப் பேர் வந்தது.

வேறு ஒருவராக இருந்தால் இந்தப் பேரோடு பதவி உயர்வு வாங்கிக்கொண்டு போயிருப்பார். வாட்சன் சில ஆண்டுகளில் அரசு வேலையை விட்டுத் தோட்ட டாக்டராக மாறினார். அப்போது ரப்பர் விலை ஏறுமுகம். சிலாங்கூரில் காடு காடாக அழித்து, கித்தா மரம் நட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தோட்டம் தோட்டமாகப் போய், லயத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, இடது விலாவுக்குக் கீழே கையை வைத்து அழுத்திப் பார்ப்பார். மலேரியா திரும்பத் திரும்ப வந்தால் மண்ணீரல் வீங்கும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வீக்கம் என்று எண்ணினால் அந்த லயத்தின் கதை தெரிந்துவிடும். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றும் தேவையில்லை, கை போதும்.

கடலோரச் சமவெளித் தோட்டங்களில் கணக்கு சுத்தமாக வந்தது. காட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் லயத்தில் வீக்கம் அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. அங்கே நோயைப் பரப்பியது அனோபிலிஸ் அம்ப்ரோசஸ் என்ற கொசு. அதற்குக் காட்டு நிழலில் தேங்கிய தண்ணீர் வேண்டும். ஆகவே காட்டை வெட்டு, தண்ணீரை வடி, லயத்தைக் காட்டிலிருந்து அரை மைலாவது தள்ளிக் கட்டு. இதைச் செய்த தோட்டங்களில் சாவு குறைந்தது.

அதே மருந்தை மலைப்பாங்கான தோட்டங்களுக்குக் கொண்டுபோனபோதுதான் அதிர்ச்சி. காடு வெட்டியாச்சு. பள்ளத்தாக்கு ஓடைகளைப் புல் பூண்டு இல்லாமல் சுத்தம் செய்தாச்சு. தேங்கிய தண்ணீரே கிடையாது. லயம் மேட்டில், காற்றோட்டமாக இருக்கிறது. ஆனாலும் பிள்ளைகளின் வயிறு வீங்கிக் கிடக்கிறது, பெரியவர்கள் செத்துக்கொண்டே இருக்கிறார்கள். கிள்ளானில் உயிர் காத்த வேலை இங்கே உயிரை எடுத்தது!

காரணம் வேறொரு கொசு. அனோபிலிஸ் மாக்குலேட்டஸ். இதற்கு நிழல் பிடிக்காது, அழுக்குத் தண்ணீரும் பிடிக்காது. வெயில் படும், மெதுவாகக் கசிந்து ஓடும், தெளிந்த ஊற்று நீர்தான் வேண்டும். மலையில் காடு மூடியிருந்தவரைக்கும் ஓடையில் வெயில் விழவில்லை, இந்தக் கொசுவும் பெருகவில்லை. துரைமார்கள் காட்டை வெட்டி ஓடையைத் திறந்துவிட்டதும், எவ்வளவு சுத்தமாக வைத்தார்களோ அவ்வளவு நன்றாக அது பெருகியது. மனுஷன் கண்ணுக்கு அழகாகத் தெரிந்த ஓடைதான் எமன்.

காடு நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் வாட்சனிடம் பதில் கிடைத்திருக்காது. எந்த மண், எந்தத் தண்ணீர், எவ்வளவு வெயில் என்று அவர் திருப்பிக் கேட்பார். இன்றைக்கு மரம் நடுவோம் என்று பதாகை பிடிக்கும் நமக்கும் அந்தக் கேள்வி கொஞ்சம் தேவைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மலைத் தோட்டங்களுக்கு அவர் கண்ட வழி, ஓடையையே மண்ணுக்குள் மறைப்பது. பள்ளத்தில் சுட்ட மண் குழாய்களைப் புதைத்து, ஊற்று நீர் வெயிலைப் பார்க்காமலே கீழே போகும்படி செய்தார். சீஃபீல்டு தோட்டம் அப்படிச் செய்த இடங்களில் ஒன்று. இப்போது சுபாங் ஜெயாவில் வீடுகளும் பேரங்காடிகளும் நிற்கிற அதே நிலம். குழாய்க்குச் செலவு அதிகம். 1913-இல் பனாமா கால்வாய்ப் பகுதிக்குப் போய் வந்த பிறகு, ஓடைகளில் எண்ணெய் தெளிக்கும் முறையை இங்கே பரப்பினார். வாராவாரம் ஒருவர் எண்ணெய் டப்பாவை முதுகில் சுமந்துகொண்டு பள்ளம் பள்ளமாக இறங்குவார். இன்றைக்கு ஓடையில் எண்ணெய் ஊற்றினால் சும்மா விடமாட்டார்கள். அன்றைக்கு அதுதான் மலிவு.

மலிவு என்ற சொல் இந்தக் கதையில் அடிக்கடி வரும். வாட்சனுக்குச் சம்பளம் கொடுத்தது தோட்ட நிர்வாகங்கள். செத்த கூலியைவிட வேலை செய்யும் கூலி லாபம் என்று காட்டித்தான் அவர் பல துரைமார்களைச் சம்மதிக்க வைக்க முடிந்தது. அதை மறைத்து அவரை மகானாக்க வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கைப் போட யாராவது ஒருவர் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது, அவர் பார்த்தார். கால்வாய் வெட்டியவர்கள், குழாய் புதைத்தவர்கள், எண்ணெய் சுமந்தவர்கள் யார்? நம்ம ஆட்களும் சீனத் தொழிலாளர்களும்தான். அவர்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

1911-இல் மலேரியாவுக்கென்றே ஓர் ஆலோசனை வாரியம் அமைந்தது. அதே ஆண்டு வாட்சனின் புத்தகமும் வெளிவந்தது. 1924-இல் சர் பட்டம் கிடைத்தது. 1928 வரை மலாயாவில் இருந்துவிட்டு, லண்டனில் ரோஸ் பெயரில் இயங்கிய ஆய்வுக்கழகத்துக்குப் போனார். அங்கிருந்து, இன்று ஸாம்பியா என்று அழைக்கப்படும் நாட்டின் செப்புச் சுரங்க ஊர்களில் மலேரியாவைக் கட்டுப்படுத்தும் வேலையையும் வழிநடத்தினார். 1955 டிசம்பரில் காலமானார்.

2018-லிருந்து மலேசியாவில் மனிதனுக்கே உரிய மலேரியா உள்நாட்டில் பரவவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியாக வரும் நோலெசி மலேரியா ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோருக்கு வருகிறது. சபாவில்தான் அதிகம். காடு வெட்டப்பட்டு, தோட்டமும் காடும் உரசிக்கொள்ளும் ஓரங்களில் வேலை செய்கிறவர்களைத்தான் அது முதலில் பிடிக்கிறது.