வானத்தை அளந்த வைனு பாப்பு

ஜவ்வாது மலையில் காவலூர் என்று ஒரு சிற்றூர். சந்தன மரங்கள் வளரும் காடு. பட்டணத்து விளக்கு வெளிச்சம் அங்கே எட்டாது. அதனால் இரவில் நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும். அந்த ஊரை உலகம் அறியச் செய்தவர், வைனு பாப்பு.

இவர் 1927-ம் ஆண்டு ஆகஸ்டு 10-ந்தேதி சென்னையில் பிறந்தார். தந்தை ஐதராபாத் நிஜாமியா வான ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தார். மகனுக்கும் சிறு வயதிலேயே வானத்தின் மீது ஆசை பிறந்தது.

வால் நட்சத்திரம்

மேல்படிப்புக்காக அமெரிக்கா சென்றார். அங்கே 1949-ம் ஆண்டு ஓர் இரவு வானத்தைப் படம் எடுத்தார். யாரும் அறியாத ஒரு வால் நட்சத்திரம் அதில் சிக்கியது! அதற்கு இவர் பெயரும், இவருடன் இருந்த இரு விஞ்ஞானிகளின் பெயரும் வைக்கப்பட்டன.

புகழ் வந்தும் அவர் அங்கேயே தங்கிவிடவில்லை. தாய்நாடு திரும்பினார். 1960-ல் கொடைக்கானல் வான ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் ஆனார். நட்சத்திரங்களை ஆராய நல்ல இடம் தேடி, காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1968-ல் 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பும், 1972-ல் 102 சென்டிமீட்டர் டெலஸ்கோப்பும் அங்கே வந்தன.

ஒளி மின்சாரமாகும் விந்தை

மங்கிய ஒளியைக் கண்ணால் அளக்க முடியாது. ஆனால் சில பொருள்களின் மீது ஒளி பட்டால், எலெக்ட்ரான் என்னும் மிக நுண்ணிய துகள்கள் கிளம்பும். அவற்றைப் பெருக்கினால் மின்சாரமாகும். ஒளி குறைந்தால் மின்சாரமும் குறையும். இப்படி அளப்பதற்கான கருவி காவலூரில் இருந்தது.

1977 மார்ச் 10-ந்தேதி, யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை நெருங்கியது. கிரகம் மறைக்காத நேரத்திலேயே, நட்சத்திரத்தின் ஒளி சில விநாடிகள் குறைந்ததைக் கருவி காட்டியது. காரணம் என்ன? யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருந்தன! அதே இரவில் வேறு இடங்களில் பார்த்தவர்களும் இதைக் கண்டார்கள். பிற்காலத்தில், ஒளியை அளக்கும் வேலையைச் சிலிக்கன் சில்லுகள் ஏற்றுக்கொண்டன.

நிறைவேறிய கனவு

நம் நாட்டிலேயே பெரிய டெலஸ்கோப் செய்ய வேண்டும் என்பது பாப்புவின் கனவு. 234 சென்டிமீட்டர் அகலமுள்ள அதன் கண்ணாடி பெங்களூரில் மெருகேற்றப்பட்டது. வேலை முடியுமுன், 1982 ஆகஸ்டு 19-ந்தேதி ஜெர்மனியில் மியூனிக் நகரில் அவர் காலமானார். அப்போது வயது 55.

1986 ஜனவரி 6-ந்தேதி பிரதமர் ராஜீவ் காந்தி அந்த டெலஸ்கோப்பைத் தொடங்கிவைத்தார். அதற்கும், அந்த ஆராய்ச்சி நிலையத்துக்கும் வைனு பாப்புவின் பெயரே சூட்டப்பட்டது. அவர் அதன் வழியே வானத்தைப் பார்க்கவில்லை. ஆனால் அவருக்குப் பின் வந்தவர்கள் பார்த்தார்கள்.