ஆயிரம் புதல்வியரின் தாய்

போர் என்ற சொல்லுக்கு நமக்கு விளக்கம் தேவையில்லை. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து நடந்தபோது, நம்மில் பலர் கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினர். ஆயினும் உடுவிலில் சிறுமியராய் இருந்தபோதே நாம் இன்னொரு போரைப்பற்றிக் கேட்டிருந்தோம். பவுல் அப்போஸ்தலர் எபேசியருக்கு எழுதின நிருபத்தின் ஆறாம் அதிகாரம் அதைப்பற்றிப் பேசுகிறது. அங்கே எதிரி மனிதர் அல்லர். ஆயுதங்களும் சத்தியம், நீதி, சமாதானம், விசுவாசம், இரட்சிப்பு, தேவ வசனம், ஓயாத ஜெபம் என்பனவே. அந்தப் போரில் நாற்பது வருடம் நம் மண்ணில் நின்றவர் எலைசா அக்னியூ அம்மையார்.

அவர் 1807இல் நியூயோர்க்கில் பிறந்தார். எட்டு வயதில், பூமிசாத்திர பாடத்தின்போது, ஆசிரியர் உலகப்படத்தில் மொரிசியஸ் தீவைக் காட்டினார். ஹரியற் நியூவெல் என்னும் இளம் மிஷனரிப் பெண் 1812இல் மரித்து அடக்கம்பண்ணப்பட்ட தீவு அது. அன்றே தானும் மிஷனரியாவதென்று அச்சிறுமி தீர்மானித்தாள். ஆனால் பெற்றோர் உயிரோடிருந்தவரை அவர்களை விட்டு வரவில்லை. அவர்கள் மறைந்தபின், 32ஆம் வயதில், 1839இல் கப்பலேறி, 1840இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அமெரிக்க மிஷனில் மணமாகாத பெண்ணொருவர் இலங்கைக்கு ஊழியத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824இல் தொடங்கிய உடுவில் விடுதிப் பாடசாலைக்கு அப்போது வயது பதினாறு. அதைத் தொடங்கியவர் 1833இலேயே, 36 வயதில், உடுவிலில் கண்மூடிவிட்டார். பெண்பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்ற கேள்வி ஊரில் ஓயவில்லை. பிள்ளையை அனுப்பிய தாய்க்கும் அச்சம், வந்த பிள்ளைக்கும் அச்சம்.

அது சமய வாதங்களின் காலமும்கூட. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப் பாடசாலையை நிறுவினார். அச்சகங்களிலும் மேடைகளிலும் இருபக்கத்தாரும் மோதினர். அக்னியூ அம்மையாரின் களம் விடுதியும் வகுப்பறையும்தான். வேதவசனத்தைப் பிள்ளைகளின் மனதில் பதிப்பதும், அவர்களோடும் அவர்களுக்காகவும் ஜெபிப்பதும் அவர் வேலை.

பாடசாலையில் விசுவாசம் கொண்ட பிள்ளை வீட்டுக்குத் திரும்பும்போதுதான் உண்மையான சோதனை தொடங்கியது. தாயின் கண்ணீர், சுற்றத்தாரின் ஏச்சு, கலியாணப் பேச்சு எல்லாம் அங்கே காத்திருந்தன. அந்த வீட்டாரை எதிரிகளாக எண்ணியிருந்தால் அம்மையார் படலைக்கு வெளியே நின்றிருப்பார். அவரோ விடுமுறை நாட்களில் கிராமம் கிராமமாகச் சென்று பழைய மாணவிகளை அவரவர் வீட்டிலேயே சந்தித்தார். பிசாசை ஓட்டுவதாக ஆரவாரம் செய்வதையே ஆவிக்குரிய போராட்டம் என்று இன்று சிலர் எண்ணுகின்றனர். அயலவரையே சத்துருவாகக் காணும் போதனையும் நம் காதில் விழுகிறது. அம்மையாரின் வாழ்க்கை நமக்குக் காட்டும் வழி வேறு. பயமும் மனச்சோர்வும் ஒரு பிள்ளையைப் பிடிக்கும் இடத்தில், அவளை விட்டு விலகாமல் நிற்பதே அந்தப் போர்.

43 வருடங்களில் அவர் ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பவில்லை. முதல் மாணவிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவரிடமே படித்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவிகளில் அறுநூறுக்கு மேற்பட்டோர் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டனர். பலர் ஆசிரியைகளாகவும் வேதாகமப் பெண்களாகவும் ஊர்களுக்குள் சென்றனர். ஆயிரம் புதல்வியரின் தாய் என்ற பெயர் அவருக்கு இப்படித்தான் வந்தது.

1879இல் ஓய்வு பெற்று, மானிப்பாயில் லீச் சகோதரிகளோடு வசித்தார். 1883 ஜூனில் மரணப்படுக்கையில் இருந்தபோது, எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று கேட்கப்பட்டது. தமக்கென்று அவர் எதையும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்துப் பெண்கள் கிறிஸ்துவிடம் வரவேண்டும் என்பதே அவர் வேண்டுதலாயிருந்தது.

அந்த வேண்டுதலுக்குள் நாமும் இருக்கிறோம். நம்மில் கிறிஸ்தவரும் உண்டு, சைவரும் உண்டு. ரொறன்ரோவில், லண்டனில், சிட்னியில், இன்றும் உடுவிலிலேயே இருப்போரும் உண்டு. நாம் எங்கிருந்தாலும், தனித்துப் பயந்திருக்கும் ஒரு சகோதரியின் படலையைத் தட்டுவோமாக. நம் தாய்க்கு நாம் செலுத்தக்கூடிய நன்றி அதுவே.